வேலை போன தேதி: பிட்ஸ்பர்க் முதல் டெட்ராய்ட் வரை

சனி, பிட்ஸ்பர்க்

நயாகராவுக்குக் கூட்டிப் போகிறேன் என்றார் மாப்பிள்ளை. நயாகரா எங்கும் ஓடிவிடாது, முதலில் இரும்பு ஊர்களைக் காட்டுங்கள் என்றேன். திருச்சியில் பாய்லர் செய்யும் ஆலையிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். பிட்ஸ்பர்க், யங்ஸ்டவுன், டெட்ராய்ட் எல்லாம் எனக்குக் கல்லூரிப் பாடத்தில் வந்த பெயர்கள். இப்போது அந்த ஊர்களைப் பற்றிப் படிப்பதெல்லாம் ஒரே கதை: சீனா வேலையைக் கொண்டுபோனது, ஆலை மூடியது, ஊர் செத்தது. இந்த வரிசையில்தான் நடந்ததா என்று நேரில் பார்க்க ஆசை. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் கிடைத்த லீவைப் போட்டுவிட்டுக் காரை எடுத்தார்.

முதலில் மலைமேல் ஏறினோம். 1877-இலிருந்து ஓடும் கயிற்று ரயில், மரப்பெட்டி இன்னும் கிறீச்சிடுகிறது. மேலே நின்றால் அலெகெனி, மொனாங்கஹீலா இரண்டு ஆறுகளும் கூடி ஒஹையோ ஆறாகும் முனை தெரிகிறது. புகை இல்லை. ஒரு காலத்தில் பட்டப்பகலிலேயே தெருவிளக்கு எரிந்த ஊர் இது.

நகரத்திலேயே உயரமான கட்டடம் 64 மாடி யு.எஸ். ஸ்டீல் கோபுரம். அதன் உச்சியில் பெரிதாக எழுதியிருப்பது இரும்புக் கம்பெனியின் பெயர் இல்லை, யு.பி.எம்.சி. என்ற ஆஸ்பத்திரிக் குழுமத்தின் பெயர். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அதில் வேலை செய்கிறார்கள். மாப்பிள்ளையும் இந்த ஊரில் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில்தான் இருக்கிறார். "மாமா, இங்கே யாரைக் கேட்டாலும் ஒன்று ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் யுனிவர்சிட்டி" என்றார்.

இரும்பு போய் மருத்துவம் வந்தது என்று இதைச் சொல்லிவிடுவது சுலபம். இரண்டுக்கும் நடுவே ஒரு தொடர்பு இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. அதனால் முதலாளிகள் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்பீடு கொடுத்தார்கள். போருக்குப் பிறகு தொழிற்சங்கங்கள் அதை உரிமையாக்கிக்கொண்டன. 1965-இல் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு வந்தது. 1980களில் ஆலைகள் மூடியபோது இளைஞர்கள் வேலை தேடி டெக்சாஸுக்கும் ஃபுளோரிடாவுக்கும் போய்விட்டார்கள். ஊரில் தங்கியவர்கள் வயதானவர்கள், உடம்பு தேய்ந்தவர்கள், ஆனால் கையில் காப்பீடு உள்ளவர்கள். அந்தக் காசில்தான் ஆஸ்பத்திரிகள் வளர்ந்தன. இரும்பு அடித்த உடம்புகளை வைத்து எழுந்த தொழில் என்று சொன்னால் மாப்பிள்ளைக்குச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தப்பில்லை மாமா" என்றார்.

மதியம் ராங்கினில் கேரி ஊதுலைகள். 92 அடி உயரத்தில் இரண்டு நிற்கின்றன. 1978-இல் அணைந்தவை, இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கலாம். வெப்பக்காற்று அடுப்புகளையும் வார்ப்புத் தளத்தையும் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை. உருகிய இரும்பு இங்கிருந்து தண்டவாளப் பாலம் வழியாக ஆற்றைக் கடந்து ஹோம்ஸ்டெட் ஆலைக்குப் போகும். தரையில் மணல் வாய்க்கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வழிகாட்டிப் பெரியவரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கள் ஆலைக்காரரா?" என்றார். அப்புறம் மற்றவர்களை விட்டுவிட்டு எனக்கே விளக்கிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை இரண்டு தடவை மணியைப் பார்த்தார்.

ஞாயிறு, பென் ஹில்ஸ்

ஓய்வு நாள். வெங்கடேஸ்வரர் கோவிலுக்குப் போனோம். அமெரிக்காவில் நம் முறைப்படி எழுந்த ஆரம்பகாலக் கோவில்களில் இதுவும் ஒன்று, 1970களின் நடுவில் கட்டியது. புளியோதரை அருமை.

கோவிலைப் பற்றி எழுத வேறு காரணம் இருக்கிறது. 1965-இல் குடிவரவுச் சட்டம் மாறியது. அதுவரை ஐரோப்பியர்களுக்கே சாதகமாக இருந்த நாட்டு ஒதுக்கீட்டு முறை போயிற்று. படித்த டாக்டர்களும் இன்ஜினியர்களும் இந்தியாவிலிருந்து வரத் தொடங்கினார்கள். இதே பள்ளத்தாக்குக்கு அதற்கு முன்பு ஸ்லோவாக்கியரும் போலந்துக்காரரும் கறுப்பினத்தவரும் வந்தது ஊதுலை வேலைக்கு, கைவேலை தெரிந்தால் போதும் என்ற வேலைக்கு. நம் ஆட்கள் வந்தது பட்டத்தோடு. 1940-இல் 25 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களில் பட்டம் வாங்கியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. இன்று 38 பேர் அளவில். ஒரு வாசல் மூடிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில் இன்னொரு வாசல் திறந்தது, நாம் அந்த இரண்டாவது வாசல் வழியாக வந்தவர்கள். "அமெரிக்காவில் உழைத்தால் முன்னேறலாம்" என்று கோவில் வளாகத்தில் ஒருவர் தெம்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் விஷயத்தில் அது உண்மைதான்.

திங்கள், பிராடக், ஹோம்ஸ்டெட்

நான் படித்துவைத்திருந்த கதையில் முதல் ஓட்டை இன்று விழுந்தது.

பிராடக்கில் ஆண்ட்ரூ கார்னெகி கட்டிய எட்கர் தாம்சன் ஆலை 1875-இல் தண்டவாளம் உருட்டத் தொடங்கியது. அது மூடவே இல்லை! இன்று காலை நான் போனபோதும் நீராவி விட்டுக்கொண்டு நின்றது. வாசலுக்கு எதிரே தெருவில் நின்றால் தரை அதிர்வது காலில் தெரிகிறது. ஆனால் ஊர் இல்லை. 1920-இல் 20,000 பேருக்கு மேல் இருந்த ஊரில் இன்று 2,000 பேர்கூட இல்லை. பிராடக் அவென்யூவில் கடை, வெற்றிடம், வெற்றிடம், வெற்றிடம், தேவாலயம், வெற்றிடம். 2010-இல் ஆஸ்பத்திரியும் மூடப்பட்டது. நான் சனிக்கிழமை அண்ணாந்து பார்த்த அதே யு.பி.எம்.சி. நடத்திய ஆஸ்பத்திரி.

ஆலை இருந்தும் ஊர் ஏன் போயிற்று? ஒரு காரணம் என் துறை சம்பந்தப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் ஒரு டன் எஃகுக்கு அமெரிக்காவில் பத்து ஆள்-மணி நேரம் பிடித்தது. இன்று இரண்டுக்கும் கீழே. அதே எஃகு, ஐந்தில் ஒரு பங்கு ஆள். இன்னொரு காரணம் கார். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு 1944 சட்டத்தில் வீட்டுக்கடன் உத்தரவாதம் கிடைத்தது, 1956-இல் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைச் சட்டம் வந்தது. புகைக்கு நடுவே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த வீட்டை விட்டுவிட்டுப் பத்து மைல் தள்ளிப் புல்வெளியோடு வீடு வாங்கிக்கொண்டு, ஷிப்டுக்குக் காரில் வந்துபோக ஆரம்பித்தார்கள். அந்தப் புல்வெளி வீடுகளைக் கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டார்கள், கடனும் கிடைக்காது. அவர்கள் பிராடக்கிலேயே நின்றார்கள். ஆக ஊர் காலியாகத் தொடங்கியது கஷ்ட காலத்தில் இல்லை. சம்பளம் நன்றாக இருந்த காலத்தில்.

கார்னெகி அமெரிக்காவில் கட்டிய முதல் நூலகம் இங்கேதான் இருக்கிறது, 1889. ஆலைக்காரர்கள் குளிக்க அதில் இடம் இருந்தது, நீச்சல்குளமும் இசை அரங்கும் பிறகு சேர்ந்தன. அதே கார்னெகியின் ஆலையில் ஷிப்ட் 12 மணி நேரம். எஃகுத் தொழிலில் எட்டு மணி நேர ஷிப்ட் வந்தது 1923-இல்தான். எங்கள் டவுன்ஷிப்பிலும் குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கிளப் எல்லாம் வேலையோடு சேர்ந்தே வந்தன. ஆனால் அதை நாங்கள் ஒரு முதலாளியின் தயவாக வாங்கவில்லை. அந்த வித்தியாசம் நூலகப் படியில் நின்றபோது உறைத்தது.

ஹோம்ஸ்டெட்டில் அந்தத் தயவின் மறுபக்கம். 1892 ஜூலை 6-ஆம் தேதி, வேலைநிறுத்தத்தை உடைக்க பிங்கர்டன் என்ற தனியார் காவல் கம்பெனியின் அடியாட்கள் 300 பேரைப் படகில் ஏற்றி ஆற்றுவழியாக அனுப்பினார்கள். கரையில் சண்டை. தொழிலாளர்கள் ஏழு பேர், அடியாட்கள் மூன்று பேர் செத்தார்கள். சங்கம் உடைந்தது. இந்தப் பள்ளத்தாக்கின் எஃகு ஆலைகள் மறுபடி ஒரு சங்கத்தை ஏற்க 1937 வரை ஆயிற்று. ஆலை 1986-இல் மூடியது. அந்த இடத்தில் இப்போது ஷாப்பிங் மால், சினிமா, உணவகங்கள். பன்னிரண்டு புகைபோக்கிகளை மட்டும் வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். மாலில் ஆட்கள் தேவை என்று ஒரு பலகை. பென்சில்வேனியாவில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், நாடு முழுவதற்குமான அந்தத் தொகை 2009-க்குப் பிறகு ஒரு காசு ஏறவில்லை. கடைகள் அதைவிடக் கூடுதலாகத்தான் கொடுக்கின்றன. ஆனால் பென்ஷன் யாரும் கொடுப்பதில்லை.

இன்னொரு செய்தி. 1959-இல் அமெரிக்க எஃகுத் தொழிலாளர்கள் ஐந்து லட்சம் பேர் 116 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டுதான் முதன்முறையாக அமெரிக்கா விற்ற எஃகைவிட வாங்கிய எஃகு அதிகமானது. வாங்கிப் பழகியவர்கள் பிறகு விடவில்லை. விற்றவர்களில் ஜப்பானும் உண்டு. எட்கர் தாம்சன் ஆலையை வைத்திருக்கும் யு.எஸ். ஸ்டீல் கம்பெனியை 2025-இல் வாங்கியது யார் தெரியுமா? ஜப்பானின் நிப்பான் ஸ்டீல்.

செவ்வாய், யங்ஸ்டவுன்

ஒன்றேகால் மணி நேரப் பயணம். வழியெல்லாம் டாலர் ஜெனரல் என்ற மலிவு விலைக் கடைகள். நாடு முழுக்க 20,000-க்கு மேல் வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் கடை போடத் தயங்கும் சிற்றூர்கள்தான் இவர்களின் குறி.

யங்ஸ்டவுன்காரர்கள் தேதியைத் துல்லியமாகச் சொல்கிறார்கள்: 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. கறுப்புத் திங்கள் என்றே பெயர். யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் கம்பெனி கேம்பெல் ஆலையை மூடுகிறோம் என்று அறிவித்தது. ஒரே அறிவிப்பில் ஐயாயிரம் பேர் அளவுக்கு வேலை இழந்தார்கள். சில ஆண்டுகளில் மற்ற ஆலைகளும் போயின. 1930-இல் 1,70,000 பேர் இருந்த நகரத்தில் இன்று 60,000 பேர்.

1977. சீனாவில் மாவோ இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அங்கே பொருளாதாரச் சீர்திருத்தமே இன்னும் தொடங்கவில்லை. சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 2001-இல். சீன இறக்குமதி அமெரிக்கத் தொழிற்சாலைகளை அடித்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2001-க்குப் பிறகு மரச்சாமான், துணி, மின்னணுப் பொருள் செய்த ஊர்கள் பலமாகவே அடி வாங்கின. ஆனால் யங்ஸ்டவுன் சீனாவால் விழுந்த ஊர் இல்லை. 1969-இல் இந்த எஃகுக் கம்பெனியை நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஒரு கப்பல் கம்பெனி வாங்கியது. ஜப்பானும் ஜெர்மனியும் ஆக்சிஜன் உலைக்கு மாறிவிட்ட காலத்தில் கேம்பெல் ஆலை 'திறந்த உலை' என்ற பழைய முறை உலைகளை வைத்துக்கொண்டு ஓடியது. வந்த லாபத்தை உலையில் போடவில்லை. ஆலையில் இருந்தவனுக்கு இது புரிய ஒரு நிமிடம் போதும். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத வருடம் எதுவோ அதுதான் மூடிய வருடம், அறிவிப்பு பின்னால் வரும்.

ஊர் சும்மா இருக்கவில்லை. பாதிரியார்களும் சங்கத்துக்காரர்களும் கூட்டணி அமைத்து, ஊராரே ஆலையை வாங்கி நடத்துவது என்று திட்டம் போட்டார்கள். சேமிப்புக் கணக்கு திறந்து பணம் திரட்டினார்கள். வாஷிங்டன் கடன் உத்தரவாதம் கொடுத்திருந்தால் நடந்திருக்கலாம். 1979-இல் கார்ட்டர் அரசு மறுத்துவிட்டது. தொழில், தொழிலாளர் வரலாற்று மையம் என்று ஊரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, இன்று பூட்டியிருந்தது. வெளியே நின்று கட்டடத்தை மட்டும் பார்த்தோம்.

மாலை லார்ட்ஸ்டவுன். ஜெனரல் மோட்டார்ஸ் 1966-இல் திறந்த கார் ஆலை, 2019 மார்ச்சில் கடைசிக் காரை அனுப்பியது. மூடுவதற்கு முன்பு, 2017-இல், இந்த ஊர்ப்பக்கம் கூட்டம் போட்ட டிரம்ப், வேலைகள் திரும்பி வரும், வீட்டை விற்காதீர்கள் என்று மக்களிடம் சொன்னார். இந்த மஹோனிங் வட்டம் 1972-க்குப் பிறகு குடியரசுக் கட்சிக்கு வாக்களித்ததே இல்லை. 2020-இல் வாக்களித்தது. இதை வெளியூர்க்காரர்கள் கோபம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு கட்சியும் நாற்பது வருடமாக "பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள், வேறு ஊருக்குப் போங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒருவர் வந்து "இருங்கள்" என்கிறார். அது பொய்யாகப் போனாலும் கேட்க நன்றாக இருந்திருக்கும்.

பழைய ஆலைக்குப் பக்கத்தில் இப்போது அல்டியம் செல்ஸ் பேட்டரி ஆலை, 2022-இல் உற்பத்தி தொடங்கியது. ஆரம்பத்தில் மணிக்கு 16.50 டாலர். பக்கத்து ஆலையில் அனுபவசாலி ஒருவர் வாங்கிக்கொண்டிருந்தது அதைப் போல இரண்டு மடங்கு அளவில். 2022 டிசம்பரில் பேட்டரித் தொழிலாளர்கள் யு.ஏ.டபிள்யூ. என்ற கார்த் தொழிலாளர் சங்கத்தில் சேர வாக்களித்தார்கள், பேச்சுவார்த்தையில் கூலி நன்றாகவே ஏறியது. பழைய கணக்கு இன்னும் சில இடங்களில் வேலை செய்கிறது போல. ஆனால் 1950களில் மூன்று தொழிலாளரில் ஒருவர் சங்கத்தில் இருந்தார், 2024-இல் பத்தில் ஒருவர்கூட இல்லை. தனியார் துறையை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு ஆறு.

புதன், கிளீவ்லாந்து

மழை. 1969-இல் தீப்பிடித்த ஆற்றைப் பார்த்தோம். குயஹோகா ஆற்றில் எண்ணெய்ப் படலம் எரிந்தது, அடுத்த ஆண்டே தேசிய சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு வந்தது. இப்போது ஆற்றில் மக்கள் துடுப்புப் படகு ஓட்டுகிறார்கள். எல்லாம் கெட்டுப்போனது என்று எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

இந்த மாநிலத்தின் மிகப் பெரிய முதலாளி கிளீவ்லாந்து கிளினிக். அதாவது மறுபடியும் ஆஸ்பத்திரி. பிட்ஸ்பர்க்கில் எழுதியதையே திரும்ப எழுதவில்லை. ஒன்று மட்டும்: நாட்டில் மிக அதிகம் பேர் செய்யும் வேலைகளில் முதல் வரிசையில் இருப்பது வீட்டுக்கு வந்து முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஏறக்குறைய நாற்பது லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், மணிக்கு 16 டாலர் அளவில். 1950-இல் வேலைக்குப் போன பெண்கள் மூவரில் ஒருவர், 2000 வாக்கில் அது ஐந்தில் மூன்றாக ஏறியது. படித்த பெண்களுக்கு அது விடுதலை. எஃகு ஊர்களில் பல வீடுகளில், புருஷனுக்கு வேலை போனதால் மனைவி நர்சிங் படித்த கதை.

ஸ்லாவிக் வில்லேஜ் என்ற பகுதியைக் காரிலிருந்தே பார்த்தோம். 2007-இல் வங்கிகள் வீடுகளைக் கைப்பற்றியதில் நாட்டிலேயே முன்னணியில் இருந்த அஞ்சல் வட்டம் இது. தெருவில் வீட்டுக்கு வீடு இடைவெளி. இடித்துப் புல் போட்டிருக்கிறார்கள். பெரிய தொழிற்சாலை வேலை போன பிறகும் குடும்பங்கள் கௌரவமாக இருந்ததற்குக் கடன் ஒரு காரணம். அந்தக் கடனும் கழுத்தைப் பிடித்தது இங்கே.

இரவு டெட்ராய்ட் போகும் வழியில் மாப்பிள்ளை ராஜ் செட்டியின் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினார். டெல்லியில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்கா வந்த பொருளாதார அறிஞர் அவர். 1940-இல் பிறந்த அமெரிக்கர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தங்கள் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980களில் பிறந்தவர்களில் அது ஐம்பது. விலைவாசியைக் கழித்த கணக்கு. "உங்கள் தலைமுறைக்கு என்ன மாப்பிள்ளை?" என்றேன். "எங்களை ஊரில் இருக்கிற அப்பா அம்மாவோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு நூறு மாமா. என் பையனைக் கேளுங்கள், அதுதான் கவலை" என்றார். பேரனுக்கு நான்கு வயது.

வியாழன், டெட்ராய்ட்

காலையில் கலை அருங்காட்சியகம். மெக்சிகோ ஓவியர் தியெகோ ரிவேரா 1932-33-இல் ஃபோர்டு ஆலையை வைத்துத் தீட்டிய 27 சுவரோவியங்கள். ஸ்டாம்பிங் பிரஸ், கன்வேயர், எஞ்சின் பிளாக் எல்லாம் பிழையில்லாமல் இருக்கிறது. ஒரு முழு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் ஹைலண்ட் பார்க். 1913-இல் ஃபோர்டு நகரும் தொகுப்பு வரிசையை ஓடவிட்ட ஆலை. ஒரு சேஸிஸைப் பூட்ட பன்னிரண்டரை மணி நேரம் ஆனது, 93 நிமிடமாகக் குறைந்தது. வேலை அலுப்புத் தாங்காமல் ஆட்கள் ஓடினார்கள். அவர்களைப் பிடித்து வைக்கத்தான் 1914 ஜனவரியில் ஒரு நாளைக்கு ஐந்து டாலர். தொழிலாளி கார் வாங்கட்டும் என்ற தாராள மனசால் கொடுத்தது என்று நம் ஊர் மேலாண்மை வகுப்புகளில் சொல்வார்கள். அது முழுக் கதை இல்லை. அந்த ஐந்து டாலரைப் பெற வீட்டுக்கு வந்து விசாரணை நடக்கும்: குடிக்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா, சேமிக்கிறானா என்று.

இதற்கு எதிர்த்துருவம் 1950-இல் ஜெனரல் மோட்டார்ஸும் வால்டர் ரியூதர் தலைமையிலான யு.ஏ.டபிள்யூ. சங்கமும் போட்ட ஒப்பந்தம், "டெட்ராய்ட் உடன்படிக்கை" என்று பெயர் பெற்றது. ஐந்து வருடத்துக்கு வேலைநிறுத்தம் இல்லை. பதிலுக்கு விலைவாசியோடு ஏறும் சம்பளம், பென்ஷன், மருத்துவக் காப்பீடு. என்னைக் கேட்டால் நடுத்தர வர்க்க அமெரிக்கா என்று நாம் சினிமாவில் பார்த்ததெல்லாம் இந்தக் காகிதத்தில் இருக்கிறது. அதன் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் அரசு கொடுத்ததை இங்கே கம்பெனி கொடுத்தது. கம்பெனி போனால் எல்லாம் போகும். 1978-இல் வரிச்சட்டத்தில் 401(கே) என்ற ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பிறகு மெல்ல மெல்லப் பென்ஷன் மறைந்து, அவரவர் சேமித்து அவரவர் பங்குச்சந்தையில் போட்டுக்கொள்வது என்றாயிற்று. இன்று தனியார் துறையில் பழைய மாதிரிப் பென்ஷன் கிடைப்பது நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு. மாப்பிள்ளை தன் 401(கே) கணக்கை போனில் தினமும் பார்க்கிறார். நான் என் பென்ஷனை மாதம் ஒருமுறைதான் நினைக்கிறேன்.

டெட்ராய்டில் சரிவின் தேதி எது? பலரும் 1967 என்கிறார்கள். அந்த ஜூலையில் கலவரத்தில் 43 பேர் செத்தார்கள், வெள்ளையர்கள் நகரத்தை விட்டு ஓடினார்கள் என்பது கதை. ஆனால் 1947-க்கும் 1963-க்கும் நடுவிலேயே நகரம் 1,34,000 தொழிற்சாலை வேலைகளை இழந்திருந்தது. அமெரிக்கக் கார்களின் பொற்காலம் அது! கம்பெனிகள் புது ஆலைகளைப் புறநகரிலும் வேறு மாநிலங்களிலும் ஒரே தளமாகப் பரப்பிக் கட்டின, இயந்திரங்களையும் கூட்டின. 18.5 லட்சம் பேர் இருந்த நகரம் 1950-லிருந்தே இறங்குமுகம். தெற்கிலிருந்து கறுப்பினத்தவர் வேலைக்காக வந்துகொண்டிருந்தார்கள், வேலை வெளியே போய்க்கொண்டிருந்தது.

எட்டு மைல் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சுவர் இருக்கிறது. 1941-இல் ஒரு மனை வியாபாரி கட்டியது. ஆறடி உயரம், அரை மைல் நீளம். ஒரு பக்கம் கறுப்பினத்தவர் குடியிருப்பு, மறுபக்கம் அவர் வெள்ளையர்களுக்கு விற்க வைத்திருந்த மனைகள். நடுவில் சுவர் எழுந்த பிறகுதான் அரசின் வீட்டுக்கடன் உத்தரவாதம் அவருக்குக் கிடைத்தது. உத்தப்புரம் சுவரைப் பற்றிப் பேப்பரில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்போது சுவரில் வண்ண ஓவியங்கள். இரண்டு பக்கமும் கறுப்பினத்தவர்தான் இருக்கிறார்கள். அந்தக் கடனில் வீடு வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு விற்க ஒரு வீடு இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை. இன்றைய சொத்து வித்தியாசத்தில் பெரும் பங்கு அந்த வீடுகளில்தான் இருக்கிறது.

2013 ஜூலையில் நகராட்சியே திவால் மனு கொடுத்தது, 1,800 கோடி டாலர் கடன். அமெரிக்க நகராட்சி எதுவும் அவ்வளவு பெரிய தொகைக்குத் திவாலானதில்லை. ரிவேரா இருக்கும் அருங்காட்சியகத்தின் படங்களை விற்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது, அறக்கட்டளைகள் பணம் போட்டுத் தடுத்தன. ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர்களின் பென்ஷனில் நாலரை சதவீதம் வெட்டு, விலைவாசிப் படியும் நின்றது.

வெள்ளி, டெட்ராய்ட், ஹாம்ட்ராமிக்

மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம். 1988 ஜனவரியில் கடைசி ரயில் போன பிறகு முப்பது வருடம் கண்ணாடி உடைந்து நின்ற கட்டடம். டெட்ராய்ட் அழிவு என்று எந்தப் பத்திரிகை எழுதினாலும் இதன் படம்தான் போடும். 2018-இல் ஃபோர்டு வாங்கிப் புதுப்பித்து 2024 ஜூனில் திறந்தது. பளிங்கு மின்னுகிறது. மேலே ஃபோர்டு இன்ஜினியர்களும் ஸ்டார்ட்-அப் ஆட்களும். 1957-க்குப் பிறகு முதல்முறையாக 2023-இல் நகரத்தின் மக்கள்தொகை கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் ரயில் வரவில்லை.

அங்கிருந்து ஹாம்ட்ராமிக். டெட்ராய்டின் நடுவே தனி நகராட்சியாக இருக்கும் சின்ன ஊர். டாட்ஜ் ஆலைக்காகப் போலந்துக்காரர்கள் வந்து நிரப்பிய இடம். ஆலை 1980-இல் மூடியது. அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் புது ஆலை கட்டுகிறோம் என்றது. இந்த ஊரின் எல்லையிலும் பக்கத்து போல்டவுனிலும் 4,000 பேருக்கு மேல் அப்புறப்படுத்தி நகராட்சி நிலம் எடுத்துக் கொடுத்தது. தேவாலயங்களும் இடிபட்டன. ஆறாயிரம் வேலை என்று சொன்னார்கள், அந்த அளவுக்கு எட்டவில்லை. அந்த ஆலை இப்போது மின்வண்டி செய்கிறது.

தெருவில் போலந்து ரொட்டிக்கடைக்குப் பக்கத்தில் ஏமன் உணவகம், அதற்குப் பக்கத்தில் வங்காளதேசத்து மளிகை. வெள்ளிக்கிழமை என்பதால் பாங்கு ஒலித்தது. 2010-க்கும் 2020-க்கும் நடுவே இந்த ஊரின் மக்கள்தொகை 22,000-லிருந்து 28,000 ஆகக் கூடியிருக்கிறது. சுற்றியிருக்கும் டெட்ராய்ட் இறங்கும்போது.

மளிகையில் வெண்டைக்காயும் பச்சை மிளகாயும் வாங்கினோம். கடைக்காரர் சில்ஹெட்டைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். முதலில் நியூயார்க்கில் டாக்சி ஓட்டினாராம். வாடகை கட்ட முடியாமல், இங்கே வீடு மலிவு என்று கேள்விப்பட்டுக் குடும்பத்தோடு வந்து, கார் பாகம் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் சேர்ந்து, அப்புறம் கடை. தொழிற்சாலையில் சங்கம் உண்டா என்றேன். சிரித்தார். ஆனால் வீடு சொந்தம், மகள் பார்மசி படிக்கிறாள்.

1950களில் அமெரிக்கர்களில் ஐந்தில் ஒருவர் ஒவ்வொரு வருடமும் வீடு மாறினார். இன்று பன்னிரண்டில் ஒருவர். வேலை இருக்கும் ஊரில் வாடகை எட்டாத உயரத்தில் இருக்கிறது, வாடகை மலிந்த ஊரில் வேலை இல்லை. பிறகு ஏன் நகர்வார்கள்? யங்ஸ்டவுனில் வீட்டை விற்றுவிட்டு பாஸ்டனில் ஓர் அறைகூட வாங்க முடியாது. பிராடக்கிலிருந்து மலையேறிப் போனவர்களும் தெற்கிலிருந்து டெட்ராய்ட் வந்தவர்களும் செய்ததை இப்போது யார் செய்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் கல்லாவில் உட்கார்ந்திருந்தது. பில் போட்டுக்கொண்டே மாப்பிள்ளையிடம் பிட்ஸ்பர்க்கில் மூன்று படுக்கையறை வீடு என்ன விலை போகிறது, மசூதி பக்கத்தில் இருக்கிறதா, பஸ் வசதி எப்படி என்று விசாரிக்கத் தொடங்கினார். மாப்பிள்ளை சொன்ன விலையைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார். அவர் தம்பி ஏற்கெனவே பஃபலோவில் பார்த்துவிட்டானாம். அங்கே இதைவிட மலிவு.